கொடுக்கச் சென்றோம், கற்று வந்தோம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழாவில் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் என் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். நான் புலவன் அல்லேன். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றிலே முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். ஆகவே மேடை எனக்கு ஏற்றதன்று என்று சொல்லிப் பார்த்தேன். அவர் விடவில்லை. "நீங்கள் யாழ்ப்பாணம் போய் வந்த கதையைச் சொல்லுங்கள் ஐயா, அது போதும்" என்றார். அது எங்கள் ஆலயத்தின் சார்பில் சென்ற கிறிஸ்தவத் தொண்டுப் பயணம். இந்த அவையிலோ பல சமயத்தாரும் அமர்ந்திருக்கிறீர்கள். எனினும் அப்பயணத்திலே நான் கற்ற பாடம் ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. பிறந்த ஊரை விட்டு வேற்றூரிலே உலை வைத்து வாழ்கின்ற நம் எல்லோர்க்கும் அது உரியது. அந்தத் துணிவினால்தான் இங்கே நிற்கிறேன்.

2012ஆம் ஆண்டு மே மாதத்தில் நாங்கள் ஏழு பேர் புறப்பட்டோம். இலங்கையிலே போர் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம். அங்கிருந்து இரவெல்லாம் பேருந்து. வலிகாமப் பகுதியிலே ஒரு சிற்றூர். அங்கே பன்னிரண்டு நாள் தங்கிப் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித் தருவது, பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிப்பது, துணிமணி வழங்குவது, மாலையில் பாட்டும் செபமும் நடத்துவது என்பது திட்டம். திட்டமெல்லாம் பெங்களூரிலேயே தாளில் எழுதி முடித்தாயிற்று. அவ்வூராரை ஒரு சொல் கேட்டோமா என்றால், இல்லை.

முதல் நாளே எங்கள் அறியாமை வெளிப்பட்டது. வீடு வீடாகத் திரட்டிக் கொண்டு சென்ற துணிப் பெட்டிகளைத் திறந்தோம். உள்ளே இருந்தவற்றில் பாதி கம்பளிச் சட்டைகள்! பெங்களூர்க் குளிரிலே வாழ்கின்ற நம்மவர் நல்ல மனத்தோடு கொடுத்தவைதாம். ஆனால் யாழ்ப்பாணத்து மே மாத வெயிலிலே, வியர்வை வழிய நின்ற தாய்மார்கள் அவற்றைக் கையில் வாங்கி, எங்கள் முகம் வாடக்கூடாது என்று நன்றியும் சொன்னார்கள். விருந்தினர் முகம் திரிந்து நோக்கினாலே வாடிவிடுவர் என்பதற்கு வள்ளுவர் அனிச்ச மலரை எடுத்துக் காட்டினார் அல்லவா? அன்று அம்மக்கள் அந்த அதிகாரத்தை ஓதவில்லை, வாழ்ந்து காட்டினார்கள்.

இரண்டாம் நாள் சுவருக்கு வெள்ளையடித்தோம். எங்களில் ஒருவர்க்கும் அந்தத் தொழில் தெரியாது. சுண்ணாம்பு சுவரில் பாதியும் எங்கள் மேல் பாதியுமாக வழிந்தது. படலையோரம் இரண்டு பேர் நின்று நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்தார்கள். அவர்களுள் ஒருவர் வெள்ளையடிப்பதையே தொழிலாகக் கொண்டவர் என்றும், பல வாரமாக வேலையின்றி இருக்கிறார் என்றும் மாலையிலே அறிந்தேன். நான் கணக்கன் அல்லவா? இரவு படுக்கையில் ஏழு பேரின் விமானக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தேன். அந்தப் பணத்தைக் கொண்டு அவருக்கும் அவர் தோழருக்கும் பல மாதம் கூலி கொடுத்திருக்கலாம். அவர் செய்யவேண்டிய வேலையை அவர் கண்ணெதிரே பறித்துக் கொண்டு, அதற்குத் தொண்டு என்று பெயரும் இட்டுக் கொண்டோம். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பிள்ளைகளோ எங்களோடு ஒட்டிக் கொண்டார்கள். ஒரு சிறுமி என் விரலைப் பற்றியவள் விடவேயில்லை. ஒரு வாரம் சென்றபின் பள்ளியின் தலைமை ஆசிரியை என்னைத் தனியே அழைத்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். "ஐயா, குறை நினைக்கக் கூடாது. ஒன்று சொல்லட்டே?" என்று தொடங்கினார்கள். "இதுகள் ஆட்களை இழந்த பிள்ளைகள். பழகின ஆள் விட்டிட்டுப் போனால் இதுகளுக்குத் தாங்காது. உங்களுக்கு முன்னும் எத்தனையோ பேர் வந்தவை. பத்து நாள் தூக்கி வைத்து விளையாடுவினம், படம் எடுப்பினம், பிறகு போய்விடுவினம். அதற்குப் பிறகு ஒரு கிழமைக்குப் பிள்ளைகளை நான்தான் தேற்ற வேணும்."

அவையோரே, அச்சொற்களில் சினம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நான் தலை குனிந்து நின்றேன். "நாங்கள் என்ன செய்ய வேண்டும் அம்மா?" என்று கேட்டேன். பெங்களூரிலே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது! "பிள்ளைகளோடு விளையாடுகிறதைக் குறைத்து, எனக்கும் மற்ற டீச்சர்மாருக்கும் அந்த ஆங்கிலத்தைச் சொல்லித் தாருங்கோ. நாங்கள் இங்கேயே இருப்பம்" என்றார்கள். மிஞ்சிய ஐந்து நாளும் அதைத்தான் செய்தோம். அந்தப் பயணத்திலே உருப்படியாக நாங்கள் செய்தது அந்த ஐந்து நாள் வேலை ஒன்றே.

ஞாயிற்றுக்கிழமை எங்களை மானிப்பாய்க்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே கிறீன் என்ற மருத்துவரின் பெயர் தாங்கிய மருத்துவமனை இருக்கிறது. சாமுவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்க நாட்டவர்; 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். மேலை மருத்துவத்தைத் தமிழர்க்கு ஆங்கிலத்தில் கற்பிப்பதோடு அவர் நிற்கவில்லை. தாம் தமிழ் கற்றார். மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். மாணவர் துணையோடு ஆயிரக்கணக்கான பக்கங்கள் தமிழில் வெளிவந்தன. தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். நாம் இன்றும், தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலுமா என்று பட்டிமன்றம் நடத்துகிறோம்! அவர் பன்னிரண்டு நாள் தங்கியவர் அல்லர். இரண்டு தவணையாக ஏறக்குறைய இருபது ஆண்டு தங்கியவர். அந்த வாயிலில் நின்றபோது எங்கள் கம்பளிச் சட்டைகள் என் நினைவுக்கு வந்தன.

அன்று மாலை, ஓய்வு பெற்ற தபாலதிபர் ஒருவர் எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்தார். எண்பது கடந்த முதியவர். அவர் துணைவியார் ஒடியற்கூழ் காய்ச்சி, பனையோலைப் பிளாவிலே ஊற்றிக் கொடுத்தார். நான் பெருமையாக, "ஐயா, இந்தியாவிலிருந்து இங்கே வந்து தொண்டு செய்ய எங்களுக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது" என்றேன். அவர் சிரித்தார். "தம்பி, நல்லது. ஆனால் உங்கட நாட்டுக்கு நாங்கள் முந்திப் போய்விட்டம், தெரியுமோ? எங்கட ஆட்கள் தொண்டிக்குத் தொண்டு செய்யப் போனவை. அதைப் பார்த்துத்தான் உங்கட அசரியா ஐயருக்குக் கண் திறந்தது" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கதையைச் சொன்னார். பெங்களூர் திரும்பியபின் நூல்களையும் தேடிப் படித்தேன். அந்த வரலாற்றை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளை என்ற ஊரிலே பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, கிறிஸ்தவ வாலிபர் சங்கத்திலே, அதாவது ஒய்.எம்.சி.ஏ.யிலே, ஊழியராகச் சேர்ந்தார். 1902இல், முப்பது வயது நிரம்பாத அந்த இளைஞர் யாழ்ப்பாணம் சென்றார். சில நாள் தங்கித் திரும்பும் பயணந்தான். தாய்நாட்டிலிருந்து வந்த பேச்சாளர் என்று அவரை வரவேற்றார்கள். ஆனால் அங்கே அவர் கண்டதென்ன? யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள், வெள்ளையர் கையை எதிர்பாராமல், தம் கைப்பணத்தைத் திரட்டிக் கடல் கடந்து தமிழகத்துத் தொண்டிப் பகுதிக்குத் தம் ஆட்களை அனுப்பியிருந்தார்கள். எண்ணிக்கையிலும் வசதியிலும் பெரிய திருநெல்வேலிச் சபையோ வெளிநாட்டார் அனுப்பிய பணத்தையும் ஆட்களையும் பெற்றுக் கொள்வதிலேயே பழகியிருந்தது. கற்பிக்கச் சென்ற இளைஞர் நாணத்தோடு திரும்பினார்.

நாணம் பலர்க்கும் வருகிறது. கப்பல் கரை சேர்வதற்குள் அது போய்விடுவதும் உண்டு. அசரியாவின் நாணம் போகவில்லை. மறு ஆண்டு, 1903 பிப்ரவரி 12இல், பாளையங்கோட்டையிலே இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்பது அதன் கொள்கை. 1904இல் அச்சங்கத்தின் முதல் ஊழியர் நிசாம் அரசைச் சேர்ந்த தோர்ணக்கல் பகுதிக்குச் சென்றார். அது தெலுங்கு நாடு. இன்று தெலங்காணாவில் இருக்கிறது. அக்காலத்துத் திருநெல்வேலியார்க்கு அது அயல்நாடு போன்றதே. சோறு வேறு, மொழி வேறு, அரசு வேறு.

பிறரை அனுப்பிவிட்டுத் தாம் ஊரில் இருப்பது அசரியாவுக்குப் பொருந்தவில்லை. 1909இல் குருப்பட்டம் பெற்றுத் தாமே தோர்ணக்கல்லுக்குக் குடும்பத்தோடு சென்றார். முப்பத்தைந்து வயதிலே தெலுங்கு அரிச்சுவடியைக் கையில் எடுத்தார். மாட்டு வண்டியிலும் மிதிவண்டியிலும் சிற்றூர்தோறும் சுற்றினார். ஊருக்குப் புறத்தே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்களின் குடிசை முற்றத்திலே அமர்ந்தார். அவர் துணைவியார் அன்பு மாரியம்மாளும் பெண்களிடையே உடன் உழைத்தார். 1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவிலே அசரியா பேராயராகத் திருநிலைப்படுத்தப் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே. 1939 சனவரி 6இல் தோர்ணக்கல்லிலே அவர் அர்ப்பணித்த பேராலயத்தைக் கண்டவர்கள் வியப்பார்கள். இந்துக் கோயிலின் தூண்களும் மசூதியின் குவிமாடங்களும் அங்கே ஒன்றாக நிற்கின்றன. அந்த மண்ணிலே கட்டுகின்ற கோயில் அந்த மண்ணின் முகத்தோடு இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1945 சனவரி முதல் நாளில் அவர் மறைந்தார். வெள்ளாளன்விளைக்குத் திரும்பவில்லை, தோர்ணக்கல் மண்ணிலேயே வாழ்ந்து முடித்தார்.

மதமாற்றத்தைப் பற்றிக் காந்தியடிகளுக்கும் அசரியாவுக்கும் கருத்து வேற்றுமை இருந்ததுண்டு. அதை எடைபோட நான் இங்கே வரவில்லை. இந்த அவையிலும் அதுபற்றி ஒருமித்த கருத்து இராது. ஆனால் அசரியா ஓரிடத்திலே சொன்ன ஒன்றை எச்சமயத்தாரும் ஒப்புவர். 1910 சூன் மாதம், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1200 பேராளர். அவர்களுள் ஆசியர் இருபது பேரளவே. அப்பேரவையின் முன் அசரியா எழுந்து நின்று, வெள்ளை மிஷனெரிகள் இந்தியத் தோழர்களோடு கைகுலுக்கத் தயங்குவதையும், தம் வீட்டு மேசைக்கு அழைக்காததையும் அஞ்சாமல் எடுத்துரைத்தார். நீங்கள் பொருள் தந்தீர்கள், உயிரும் தந்தீர்கள். எங்களுக்கு இனி வேண்டுவது நட்பு என்ற கருத்துப்பட முடித்தார். சிலர் முகம் சுளித்தனர், பலர் சிந்தித்தனர். நூறாண்டுக்கு மேலாகியும் அவ்வுரை மறக்கப்படவில்லை.

கொடுப்பவன் மேலே நிற்கிறான். வாங்குபவன் கீழே நிற்கிறான். நண்பர் இருவரும் ஒரே திண்ணையில் அமர்கிறார்கள். யாழ்ப்பாணத்திலே எங்களுக்கு நேர்ந்த பிழை முழுவதும் இந்த ஒன்றில் அடங்கும். நாங்கள் திண்ணையில் அமரவில்லை. மேடையில் ஏறி நின்றோம்.

அன்பர்களே, இதுவரை சொன்னது அயலூர்க் கதை. இனிச் சொல்வது என் வீட்டுக் கதை. இதைச் சொல்ல எனக்கு நாணமாக இருக்கிறது. சொல்லாமற் போனால் வந்த காரியம் முடியாது.

நான் 1974இல் பெங்களூருக்கு வந்தேன். தொழிற்சாலைக் குடியிருப்பிலே எங்களுக்கு அடுத்த வீடு ஒரு கன்னடக் குடும்பம். அந்த வீட்டுத் தாயை நாங்களும் அம்மா என்றே அழைத்தோம். எங்கள் பிள்ளைகள் அஜ்ஜி என்பார்கள். 1991 டிசம்பரிலே காவிரிச் சிக்கலால் இந்நகரில் கலவரம் மூண்டதை மூத்தோர் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று அந்த அம்மா எங்கள் கதவைத் தட்டி, ஒன்றும் பேசாமல் என் மகளின் கையைப் பிடித்துத் தம் வீட்டுக்குள் அழைத்துக் கொண்டு போனார்கள். மூன்று இரவு அவர்கள் வீட்டிலே உறங்கினோம். அவர்கள் சமைத்ததை உண்டோம். வாசற்படியில் அவர்கள் கணவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

வேலையில் ஓய்வு பெற்றதும் அவர்கள் நகரின் வேறு பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள். சந்திப்பு குறைந்தது. 2008இல் ஒருநாள் தபாலிலே ஓர் அழைப்பிதழ் வந்தது. இருபுறமும் கன்னட எழுத்து. எண்களும் கன்னட எண்கள். மேலே ஒரு குத்துவிளக்குப் படம். எனக்குக் கன்னடம் பேசத் தெரியும். கடைத்தெருவுக்குப் போதுமான கன்னடம். படிக்கத் தெரியாது. முப்பத்து நான்கு ஆண்டு இந்த மண்ணின் சோற்றை உண்டும் படிக்கத் தெரியாது! ஏதோ கோயில் விழா என்று எண்ணி நாட்காட்டியின் பின்னே செருகி வைத்தேன். பதினைந்து நாள் கழித்து அந்த அம்மாவின் மகனைக் கடைவீதியிலே கண்டேன். அவர் தலை மழித்திருந்தது. "நீவு யாக்கே பரலில்ல, அங்கிள்?" என்று கேட்டார். நீங்கள் ஏன் வரவில்லை என்று பொருள். அந்த அம்மா மறைந்துவிட்டார்கள். நான் செருகி வைத்தது அவர்களுடைய உத்தரகிரியைக்கான அழைப்பு.

என் பிள்ளைகளைக் காத்த தாயின் கடைசிக் காரியத்துக்கு நான் செல்லவில்லை. எவரும் என்னைத் தடுக்கவில்லை. மொழிப்போர் ஒன்றும் குறுக்கே நிற்கவில்லை. என் சோம்பல் ஒன்றே தடுத்தது. ஆனாலும், அன்று வருந்தினேனே அன்றித் திருந்தவில்லை. நான்கு ஆண்டு சென்று யாழ்ப்பாணத்திலே, முப்பத்தைந்து வயதில் தெலுங்கு அரிச்சுவடி எடுத்த ஒரு தமிழரின் கதையைக் கேட்டபோதுதான் என் கண் திறந்தது. திரும்பி வந்ததும் அந்த அம்மாவின் வீட்டுக்குச் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர்கள் பேத்தியிடமே ஒன்றாம் வகுப்புக் கன்னடப் புத்தகத்தை வைத்துக் கொண்டு கற்கத் தொடங்கினேன்.

கற்கக் கற்க வியப்புத்தான். நம் பால் அங்கே ஹாலு. நம் பூ அங்கே ஹூவு. நம் புலி அங்கே ஹுலி. நம் பத்து அங்கே ஹத்து. பகரம் ஹகரமாயிற்று, அவ்வளவே. அயலார் என்று நாம் நினைத்திருப்பவர்கள் ஒரே தாய்வயிற்று மொழியைப் பேசுகிறார்கள். கடல் கடந்து ஜெர்மனியிலிருந்து 1853இல் வந்த கிட்டல் என்ற பாதிரியார் இம்மொழியில் மூழ்கி, 1894இல் கன்னட-ஆங்கில அகராதியை வெளியிட்டார். கன்னடர் இன்றும் அவரைப் போற்றுகிறார்கள். இந்நகரில் அவருக்குச் சிலையும் உண்டு. அவர் போதித்ததை ஏற்காதவர்களும் அவர் கற்றதைக் கொண்டாடுகிறார்கள்.

அல்சூர் ஏரிக்கரையிலே பதினெட்டு ஆண்டு மூடியிருந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு 9இல் திறக்கப்பட்டதையும், அதே மாதம் 13இல் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டதையும் நாம் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதே. ஆனால் சிலைகள் ஒன்றையொன்று வீட்டுக்கு அழைப்பதில்லை. அது நம் வேலை.

ஆகவே சங்கத்தாரிடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறீர்கள். அது நம் உயிர். அது குறையக் கூடாது. அதன் பக்கத்து அறையிலே பெரியவர்களுக்குக் கன்னட எழுத்து வகுப்பு ஒன்றும் நடக்கட்டும். கற்பிக்க நம் தெருவிலுள்ள கன்னட ஆசிரியர்களை அழைப்போம். அவர்கள் ஆசிரியர், நாம் மாணவர் என்ற முறையில் அவர்கள் முன் அமர்வோம். இரண்டாவது, இளைஞர்களுக்கு. புயலென்றும் வெள்ளமென்றும் கேட்டால் ஓடிச் சென்று உதவும் உங்கள் நெஞ்சுக்கு என் வணக்கம். போகுமுன் அவ்வூராரைக் கேளுங்கள். அங்கே இருக்கின்ற கைகளுக்கு வேலை கொடுங்கள். அழுகிற பிள்ளையை எடுத்துக் கொஞ்சுவதற்கு முன், நாளை அப்பிள்ளையை யார் தேற்றுவார் என்று எண்ணுங்கள். அங்கேயே இருப்பவர்க்குத் துணை செய்து திரும்புங்கள்.

அந்த அழைப்பிதழ் இன்னும் என்னிடம் இருக்கிறது. வேதப் புத்தகத்தினுள்ளே வைத்திருக்கிறேன். இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்க முடிகிறது. நாளும் நேரமும் இடமும் தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள். கடைசி வரியில், தாங்கள் குடும்பத்தோடு வரவேண்டும் என்று இருக்கிறது. படிக்கும்போதெல்லாம், காலங்கடந்து கற்றவன் நான் என்று எனக்கே சொல்லிக் கொள்கிறேன். நம் பிள்ளைகளுக்கு அந்நிலை வரவேண்டாம்.